நிலைய அதிபரின் மகனும் அவரது சித்திர ஆசிரியரும்

எங்கள் சித்திர ஆசிரியர் அலுமாரியில் வைத்திருந்த அச்சுப்படங்களுள், முள்ளந்தண்டு தெரிய வளைந்து நின்ற மெலிந்த இளைஞனின் படமொன்று இருந்தது. "சேர், இவருக்கு என்ன வருத்தம்?" என்று பின்வாங்கில் இருந்து ஒருவன் கேட்டபோது, "கோட்டைப் பாரும் தம்பி, வருத்தத்தைப் பிறகு பாக்கலாம்" என்றார். அந்தக் கோடுகளை வரைந்தவர் ஒஸ்திரிய ஓவியர் ஏகோன் ஷீலே என்பதை வியன்னாவில் குடியேறிய பின்னரே அறிந்தேன்.

ஷீலே 1890 யூன் 12 அன்று டான்யூப் ஆற்றங்கரை ஊரான டுல்னில் பிறந்தார். தந்தை அவ்வூர்ப் புகையிரத நிலைய அதிபர். குடியிருப்பும் நிலையத்தின் மேல்மாடியிலேயே இருந்தமையால், பையன் முதலில் வரைந்தவை புகைவண்டிகளே. படிப்பில் அவர் பின்தங்கியவர். குளோஸ்ரநொய்பேர்க் பாடசாலையில் அவரது கையை இனங்கண்டு, வீட்டார் தயங்கிய வேளையிலும் ஓவியக் கல்விக்கு அனுப்புமாறு வற்புறுத்தியவர்களில் முதன்மையானவர் சித்திர ஆசிரியர் லூட்விக் கார்ல் ஸ்ட்ரௌக். பெரிய வரலாறுகளில் ஒரு வரியோடு கடந்து போகப்படும் இவரை, பாடசாலை மலர் ஒன்றிலாவது சற்று நின்று பார்ப்பது முறையென நினைக்கிறேன்.

1906இல், தந்தை இறந்து இரண்டாண்டுகள்கூட ஆகாத நிலையில், பதினாறு வயதில் ஷீலே வியன்னா நுண்கலைக் கழகத்தில் சேர்ந்தார். (அடுத்த இரு ஆண்டுகளிலும் அதே கழகத்துக்கு விண்ணப்பித்துத் தோற்றவர் அடோல்ஃப் ஹிட்லர்.) அங்கே பேராசிரியர் கிறிஸ்டியன் கிறீப்பன்கேர்ல், பழைய சிற்பப் படிகளையும் உடற்கூற்றையும் கண்டிப்பாக வரையவைக்கும் மரபுவாதி. அவரோடு ஒத்துப்போகாத ஷீலே 1909இல் நண்பர்களுடன் வெளியேறிப் புதுக்கலைக் குழுவை அமைத்தார். ஆனாலும் பின்னாளில் அவர் உடலை எவ்வளவு திருகி வரைந்தபோதும் மூட்டுகள் பிசகாமல் நிற்பதற்கு அந்த வெறுத்த பயிற்சியும் காரணம் என்பது என் கருத்து. 1907இல் அறிமுகமான மூத்த ஓவியர் குஸ்டாவ் கிளிம்ட் அவருக்கு ஆதரவும் கண்காட்சி வாய்ப்பும் தந்தார்.

1912இல் நொய்லெங்பாக் என்ற ஊரில் 24 நாட்கள் சிறையிருந்ததும், 1915இல் எடித் ஹார்ம்ஸை மணந்த கையோடு படைக்கு அழைக்கப்பட்டதும் பலரும் எழுதியவை. 1918 மார்ச்சில் வியன்னா செசெஷன் என்ற கலைஞர் சங்கத்தின் கண்காட்சி அவரை முன்னணி ஓவியராக்கியது. அவ்வாண்டு ஒக்ரோபர் 28 அன்று ஸ்பானியக் காய்ச்சல் கருவுற்றிருந்த எடித்தைக் கொண்டுபோனது. மூன்று நாட்களில், 28 வயதில், அவரும் மறைந்தார்.

வியன்னாவுக்கு வரும் பழைய மாணவர்கள் லியோபோல்ட் அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. அங்குள்ள 1912ஆம் ஆண்டுத் தன்னுருவம் இரு கைகளுக்குள் அடங்கக்கூடிய சிறிய பலகை. வெளிறிய பின்புலத்தில், செம்மஞ்சள் காய்களின் அருகே, தலையைச் சரித்துப் பார்க்கிறார். நேரமிருந்தால் ரயிலேறி டுல்னுக்கும் போகலாம். அவர் பிறந்த நிலையக் குடியிருப்பைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.