த்ரீ நாட் த்ரீயின் எண்ணெய்க் குப்பி

வெளிநாட்டு வீடியோக்களில், ராணுவம் கழித்துவிட்ட லீ என்ஃபீல்டு துப்பாக்கிகளை வாங்கி சுவரில் வரிசையாக மாட்டி வைத்திருப்பார்கள். அந்த ஆசையோடு சென்னை ஈவினிங் பஜார் பக்கம் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்தத் துப்பாக்கியின் .303, அதாவது த்ரீ நாட் த்ரீ, நம் நாட்டில் தடை செய்யப்பட்ட குழல் அளவு. சாதாரண லைசென்ஸில் வராது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். காயலான் கடை மூட்டையில் துப்பாக்கியின் போல்ட்டோ குழலோ தென்பட்டால் விலை கேட்காதீர்கள், கையிலும் எடுக்காதீர்கள், போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால் தண்டனை குறைந்தது 7 ஆண்டு. துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான பேயனட்டும் வாள், குத்துவாள் வரிசையில்தான் வருகிறது, அதையும் விட்டுவிடுங்கள். பழைய ஆயுதங்களைக் கண்ணால் பார்க்க செயின்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை.

நமக்கு மிச்சம், சிப்பாய் அந்தத் துப்பாக்கியோடு சேர்த்துச் சுமந்த சாமான்கள்: எண்ணெய்க் குப்பி, துடைக்கும் கயிறு, தோள் வார், தோட்டா வைக்கும் துணிப் பட்டையான பாண்டலியர். இதில் குப்பியைத்தான் முதலில் தேடச் சொல்வேன். மூலக்கொத்தளம், கொருக்குப்பேட்டை பக்கத்துப் பழைய பித்தளைக் குவியலில் கண்ணை ஓட்டினால், நடுவிரல் நீளத்தில், கட்டைவிரலை விடக் கொஞ்சம் ஒல்லியாக, திருகு மூடியோடு இருப்பது அதுவாக இருக்கலாம். துப்பாக்கிக் கட்டையின் பின்புறத் தகட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதற்குள்தான் குப்பியும் கயிறும் குடியிருக்கும்.

மூடியைத் திறந்தால் அதோடு ஒட்டிய மெல்லிய கரண்டி ஒன்று உள்ளே இறங்கி நிற்கும். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எடுத்து வைக்க அது. மூடிக்கு அடியில் ஒரு தோல் வாஷர். பெரும்பாலும் அது காய்ந்து பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். செருப்புத் தைப்பவரிடம் மெல்லிய தோல் துண்டு வாங்கி வளையமாக வெட்டி, தையல் மிஷின் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊற வைத்துப் போடலாம். பழைய வாஷரைத் தூக்கி எறியாதீர்கள், காகிதத்தில் மடித்துக் கூடவே வையுங்கள். மூடி இறுகியிருந்தால் கட்டிங் பிளேயரை எடுக்கவே கூடாது. குப்பியின் சுவர் மெல்லிசு. ஒருமுறை நசுங்கி முட்டை வடிவமானால் மரை அப்புறம் உட்காராது. மரையில் எண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்து, வெந்நீரில் காட்டி, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கையால் திருகினால் பெரும்பாலும் திறந்துவிடும்.

குப்பியில் குத்திய முத்திரையில் அகன்ற அம்புக்குறியும் அதோடு ஐ எழுத்தும் இருந்தால் இந்திய அரசுச் சொத்து. அம்புக்கு இரண்டு பக்கமும் டி இருந்தால் ஆஸ்திரேலியா, சி எழுத்துக்குள் அம்பு என்றால் கனடா. புதிதாகக் குத்திய போலி முத்திரையை லென்ஸில் பார்த்தால் தெரியும்: எழுத்தின் ஓரம் கூர்மையாகப் பிதுங்கி நிற்கும், பள்ளத்துக்குள் பித்தளை பளிச்சென்று இருக்கும். பழைய முத்திரையில் ஓரம் தேய்ந்து, பள்ளத்தில் கருப்பு படிந்திருக்கும்.

கையில் கிடைத்ததும் வீட்டில் என்ன செய்வார்கள்? புளி போட்டுத் தேய்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். கருமையோடு முத்திரையின் சாட்சியும் போய்விடும், புளிப்பு நாளடைவில் பித்தளையில் உள்ள துத்தநாகத்தை அரித்து இளஞ்சிவப்புத் திட்டாகச் செம்பை வெளியே காட்டும். கடை பாலிஷ்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கும், அது இன்னும் மோசம். பிரிட்டிஷ் காலத்தில் மழைக்காலத்தில் இங்கே சேமித்து வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை லாயத்துச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியா, ஈரக்காற்று, உறையை அழுத்தி வடித்தபோது உலோகத்தில் தங்கிப்போன இறுக்கம், மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. 1921இல்தான் காரணம் சரியாக விளங்கியது. குப்பிக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திர சோப்பும் போதும். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில், பிறகு நன்றாக உலர்த்தி, மெல்லிய மெழுகுப் பூச்சு.

துடைக்கும் கயிற்றுக்குப் பெயர் புல் துரூ, துப்பாக்கிக் குழலுக்குள் விட்டு மறுபக்கம் இழுப்பது. ஒரு முனையில் பித்தளை எடை, மறு முனைப் பக்கம் மூன்று கண்ணிகள். எடைக்குப் பக்கத்துக் கண்ணி கம்பி வலைக்கு, நடுக் கண்ணி துணிக்கு, கடைசிக் கண்ணி கயிறு உள்ளே சிக்கினால் பின்னால் இழுக்க. மூன்றும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். நைலானாக இருந்தால் பின்னால் மாற்றியது. துணியின் அளவும் கணக்குதான்: உலர்ந்த துடைப்புக்கு 4க்கு 2 அங்குலம், எண்ணெய் பூச 4க்கு 1½. எண்ணெய்த் துணி சிறிதாக இருந்தால்தான் குழலில் எண்ணெய் தங்கும். கயிற்றைச் சாய்த்து இழுத்தால் குழல் வாய் ஒரு பக்கமாகத் தேயும், குறி தவறும். அந்தக் காலத் தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து குழலுக்குள் உப்பை விட்டுப் போகும். எண்ணெயில் உப்பு கரையாது, ஆகவே கொதிநீரை ஊற்றிக் கழுவிய பிறகே கயிற்று வேலை.

வாரையும் பாண்டலியரையும் துவைக்காதீர்கள், மை முத்திரை போய்விடும். மென்மையான பிரஷ் போதும். பாண்டலியரில் பைக்கு 10 வீதம் ஐந்து பை, ஆக 50 தோட்டா இடம். பைகளை எண்ணினாலே வெட்டித் தைத்ததா என்று தெரிந்துவிடும்.

ராயபுரம், காசிமேட்டு உப்புக்காற்றில் வைக்கும் முறைதான் பெரிய வேலை. தோலையும் பித்தளையையும் ஒட்டி வைத்தால் தோலின் கொழுப்பு செம்போடு சேர்ந்து பச்சை மெழுகாகத் துருத்தும். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் ஈரம் உள்ளேயே வேர்க்கும். பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஓவனில் 110–120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வறுத்தால் நிறம் திரும்பும். வடகிழக்குப் பருவமழை முடியும் வரை வாரம் ஒருமுறை மணியின் நிறத்தைப் பாருங்கள், டப்பாவைத் திறக்காமல், கண்ணாடி மூடி வழியாக.