படபடப்பும் நானும்: தை, மாசி நாட்குறிப்பு

ஜனவரி 20, செவ்வாய்

ஈசிஜி, எக்கோ, தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாமே சரியாக இருக்கின்றன. மனநல மருத்துவர் அந்தக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்த பிறகுதான் பேசத் தொடங்கினார். தைராய்டு கூடினாலும் இரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வருமாம். அதனால் அவற்றை முதலில் பார்த்துவிடுவது முறை.

பிறகு ஒரு தாளை நீட்டினார். ஏழு கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் பதற்றமாக இருந்ததா, கவலையை நிறுத்த முடியாமல் போனதா, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பயந்தீர்களா என்று போகிறது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 21. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் தீர விசாரிக்க வேண்டும். எனக்கு 16 வந்தது. ஆறு மாதத்துக்கும் மேலாக, பெரும்பாலான நாள்கள், அடக்க முடியாத கவலை இருந்தால் அது பதற்றக் கோளாறு என்றார். அதோடு எனக்கு இடையிடையே பேனிக் அட்டாக்கும், அதாவது திடீரென்று பெருகி உடம்பையே உலுக்கும் பயமும், சேர்ந்து வருகிறது.

அந்தத் தாளை வாங்கி வந்து பீரோவில் வைத்திருக்கிறேன். நெஞ்சுவலி என்று ஓடிய ஒவ்வொரு முறையும் "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று அனுப்பினார்கள். இன்றுதான் ஒருவர் "இருக்கிறது, இதற்கு வைத்தியமும் இருக்கிறது" என்றார். பஸ்ஸில் வீடு திரும்பும் வரை அழுதேன், நிம்மதியில்.

ஜனவரி 23, வெள்ளி

நான் வேலை செய்யும் ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கு சீசன். ஆத்தூர் சாலையில் விடிவதற்கு முன்பே லோடு வரிசை கட்டிவிடுகிறது. எடை மேடைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து சீட்டு எழுதுவது என் வேலை. லோடோடு ஓர் எடை, கிழங்கைக் கொட்டிய பிறகு வெற்று லாரி எடை.

பதினொரு மணிக்கு பேனிக் அட்டாக் வந்தது. முதலில் நெஞ்சு. அடுத்து உள்ளங்கை வியர்த்துப் பேனா வழுக்கியது. விரல் நுனிகள் மரத்தன, உதட்டைச் சுற்றிச் சுருக்சுருக்கென்று குத்தியது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை. மயங்கி விழப்போகிறேன், டிரைவர்கள் பார்க்கப்போகிறார்கள் என்று மனம் ஓடியது.

மருத்துவர் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், அடுத்த முறை படிப்பதற்காக. மூளை ஆபத்து என்று முடிவு செய்த நொடியில் அட்ரினலின் சுரக்கிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ தோதாக இதயம் வேகமெடுக்கிறது, இரத்தம் கை கால் தசைகளுக்குத் திரும்புகிறது, வயிறு தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. மூச்சு வேகமாகும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே மூச்சு முட்டுவதுபோல் தோன்றும். இன்னும் இழுத்து விட்டால் இன்னும் மோசமாகும். மயக்கம் வருவதும் அரிது, ஏனென்றால் அந்த நேரத்தில் இரத்த அழுத்தம் பொதுவாக ஏறித்தான் இருக்கும். பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே இறங்கும்.

லாரியே ஏறாமல் டன் கணக்கில் எடை காட்டும் மேடை என் உடம்பு. காட்டுவது நிஜமான எண்தான், மேடையில்தான் வண்டி இல்லை.

ஜனவரி 31, சனி

மாத்திரை தொடங்கியதிலிருந்து குமட்டல். படபடப்பும் முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. முதல் வாரங்களில் இப்படி இருக்கும், பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் குப்பையில் போட்டிருப்பேன். தூக்கத்துக்குத் தந்த இன்னொரு மாத்திரை சில நாள்களுக்கு மட்டும். அது பழக்கமாகிவிடக்கூடிய வகை. மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது.

காபி காலையில் ஒன்றோடு சரி. அக்கா வீட்டு ஏற்காட்டுக் காபிப்பொடி டப்பா நிறைய இருக்கிறது. கண்ணில் படாத மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டேன்.

அத்தை கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கயிறு வாங்கி வந்து கையில் கட்டிவிட்டார். "மாத்திரையையும் விடாமல் போடு" என்றார். இந்த வயதில் இந்தத் தெளிவு இருப்பது எனக்குப் பெரிய பலம். கயிறு கட்டினாலே போதும் என்று சொல்லும் வீடுகளில் எத்தனை பேர் வருடக்கணக்கில் தவிக்கிறார்களோ.

பிப்ரவரி 3, செவ்வாய்

உளவியல் ஆலோசகரைப் பார்க்க இன்று என் கணவரும் வந்தார். பேச்சின் பெரும்பகுதி அவரோடுதான் நடந்தது.

மணிக்கொரு தரம் நான் அவருக்குப் போன் செய்கிறேன். "ஒன்றும் ஆகாதே?" "ஒன்றும் ஆகாதும்மா." அந்தப் பதில் கிடைத்ததும் மனம் அடங்குகிறது, அரை மணி நேரம் தாங்குகிறது, மறுபடியும் கேட்கச் சொல்கிறது. ஆலோசகர் அவரைப் பார்த்து, "நீங்கள் அன்பில்தான் சொல்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொன்னதால்தான் தப்பித்தோம் என்று அவர் மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. தானாகவே அடங்கியிருக்கும் என்று அதற்குத் தெரியாமலே போகிறது" என்றார்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்படியானால் அவள் தவிக்கும்போது நான் என்னதான் சொல்வது?"

"பயமாக இருக்கிறது என்று தெரிகிறது, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். ஆகும், ஆகாது என்று எதுவும் சொல்ல வேண்டாம்."

எங்கள் தெருவிலேயே இப்படிப் பிள்ளைக்கும் மனைவிக்கும் மணிக்கணக்காகச் சமாதானம் சொல்லிக் களைத்துப்போகும் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் யாராவது இதைச் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் வரத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுக்கிறார்கள்.

பிப்ரவரி 14, சனி

பயத்துக்குத் துணையாக நான் தூக்கிச் சுமப்பவற்றையெல்லாம் எழுதி வரச் சொல்லியிருந்தார் ஆலோசகர். தண்ணீர் பாட்டில். இஞ்சி மிட்டாய். பஸ்ஸில் கதவோரச் சீட். கைப்பையில் பழைய ஈசிஜி. எல்லாவற்றுக்கும் மேலாக இடது மணிக்கட்டில் வலது கையின் இரண்டு விரல்கள். சீட்டு எழுதும்போதும், குழம்பு கொதிக்கும்போதும், யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதும் நாடியை எண்ணிக்கொண்டே இருக்கிறேன். அந்த இடத்தில் தோல் லேசாகக் கறுத்திருப்பதை இன்று ஆலோசகர் காட்டித்தான் பார்த்தேன்.

இன்று அறையிலேயே வேண்டுமென்று ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சுவிடச் சொன்னார். முப்பது நொடியில் விரல் மரத்தது, தலை சுற்றியது, முதன்முதலில் பஸ்ஸில் வந்த அதே பயம். நிறுத்தச் சொல்லிவிட்டு எதையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கச் சொன்னார். நாடியைப் பிடிக்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என் உதவி எதுவும் இல்லாமல் தானாகவே வடிந்தது. நானே வரவழைத்தேன், அதுவே போனது. இதை எத்தனை பேர் வாயால் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஈசிஜியைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன். மற்றவை ஒவ்வொன்றாக.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஏற்காட்டு மலை அடிவாரம் வரை பஸ்ஸில் போய்த் திரும்பினேன். கதவோரச் சீட் இல்லை. கணவர் வீட்டில்தான் இருந்தார், நான் போன் செய்யவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

தீபாவளிக்கு முன்பு ஏற்காட்டு பஸ்ஸில்தான் எனக்கு முதல் பேனிக் அட்டாக் வந்தது. அதன் பிறகு அக்கா வீட்டுக்கு மேலே போகவே இல்லை. பொங்கலுக்கு அக்காவும் மாமாவும்தான் கீழே வந்தார்கள். இன்று போனேன்.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏறக் காது அடைக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். முன்பு அந்தக் காதடைப்பையே மயக்கத்தின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்வேன். பாதி மலையில் எதிரே சுற்றுலா வேன் வர, எங்கள் பஸ் ஓரம் கட்டி நின்றது. அங்கே பிடித்தது. நெஞ்சு, வியர்வை, விரல், எல்லாம் அதே வரிசையில். இறங்கிவிடு என்று கால் துடித்தது. வலது கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போனதைப் பார்த்தேன். எடுத்து முன் சீட்டுக் கம்பியில் வைத்தேன். கம்பி சில்லென்று இருந்தது, பெயிண்ட் உரிந்து ஓரிடத்தில் சொரசொரப்பாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, "தலை சுற்றுகிறதா கண்ணு, எலுமிச்சை தரட்டுமா?" என்று கேட்டார். "பயமாக இருக்கிறது பாட்டி, கொஞ்ச நேரத்தில் போய்விடும்" என்றேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் இதை வாய்விட்டுச் சொன்னது இதுவே முதல் தடவை. "மலைக்கு யார்தான் பயப்பட மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு எலுமிச்சையைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

கடைசி வளைவுக்கு முன்பே வடிந்துவிட்டது. முழுதாக இல்லை, அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பிறகும் கால் நடுங்கியது. அக்கா காபி நீட்டினார், குடித்தேன். மாமா காபிச் செடிகளுக்கு இந்த ஆண்டு எப்போது மழை கிடைக்கும், எப்போது பூக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டேன். மற்றவர் பேச்சை இப்படிக் கேட்டே பல மாதம் ஆகிறது.

மார்ச் 3, செவ்வாய்

நேற்று ஆலையில் மறுபடியும் வந்தது, சின்னதாக. சீட்டு எழுதுவதை நிறுத்தவில்லை. எழுத்து கோணியிருந்தது, எண் சரியாக இருந்தது. மலை ஏறி வந்துவிட்டால் இனி வராது என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்: வருகிறது. வந்துபோகும் நேரத்தில் நான் செய்துகொண்டிருக்கும் வேலையை இப்போது விடுவதில்லை.

அடுத்த வாரம் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மாத்திரை தொடர வேண்டும் என்றார், அதை எப்போதிலிருந்து கணக்கிடுவது என்று கேட்க வேண்டும். இடையிடையே பகலில் தூக்கம் தள்ளுவதைச் சொல்ல வேண்டும். பரீட்சை நேரம் என்று மகள் சாப்பிடாமல் நகம் கடித்துக்கொண்டிருக்கிறாள், அவளையும் ஒரு முறை அழைத்து வரலாமா என்று கேட்க வேண்டும்.