பழைய கட்டுரையைக் கொடுத்துப் புது வாசகரைப் பிடித்த கதை

மலேசியாவின் ஜார்ஜ் டவுனைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. படிப்பவர்கள் பெரும்பாலும் பினாங்கிலேயே இருப்பவர்கள், அதிலும் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். தண்ணீர்மலைக் கோயில், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில், சூலியா தெருவின் பழைய கடைகள் என்று என் வலைப்பூவில் சில வருடங்களாக எழுதுகிறேன், கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கே அது போய்ச் சேரவில்லை, சென்னையும் மதுரையும் அப்புறம். அதனால் எழுதி முடித்துச் சும்மா கிடக்கும் கட்டுரைகளை மற்ற இணைய இதழ்களுக்கு மறுபிரசுரத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு பயமுறுத்தல் வரும், ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் இருந்தால் கூகுள் தண்டித்துவிடும் என்று. அப்படியெல்லாம் இல்லை. தேடலை ஏமாற்றுவதற்காக ஊரார் எழுத்தை அள்ளிக் கொட்டினால்தான் தண்டனை. மற்றபடி ஒரே மாதிரி இருக்கும் பக்கங்களில் ஒன்றை மூலம் என்று தேர்ந்தெடுத்து அதைக் காட்டும், மற்றதை ஒதுக்கிவிடும். அந்த ஒன்று நம்முடையதாக இருக்க வேண்டுமே, அங்கேதான் வேலை இருக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து வரும் ஓர் இணைய இதழ் என் தைப்பூசக் கட்டுரையைக் கேட்டது. ஆசிரியர் நல்ல மனிதர், பெயரும் போட்டு, கீழே என் பக்கத்துக்கு இணைப்பும் கொடுத்தார். ஆனால் கொஞ்ச நாளில் என் தலைப்பைத் தேடினால் அவர்கள் பக்கம்தான் மேலே வந்தது, என்னுடையதைக் காணோம். சர்ச் கன்சோலில் (நம் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவி) என் பக்கத்தின் முகவரியைப் போட்டுப் பார்த்தால், கூகுள் தேர்ந்தெடுத்த மூலம் அவர்களுடையது என்றே காட்டியது. பெரிய தளம், தினமும் புதுசு புதுசாக ஏறுகிறது, என்ன செய்வது?

இதற்குப் பலரும் சொல்லும் வைத்தியம் கனோனிக்கல் குறி. 2009 முதல் இருக்கிறது, 'இதன் மூலப் பக்கம் அங்கே இருக்கிறது' என்று தேடுபொறிக்குச் சொல்ல, நகல் பக்கத்தின் நிரலில் போடும் ஒரு வரி. ஆனால் அது ஒரு குறிப்பு மட்டுமே, கேட்டே ஆக வேண்டும் என்று கூகுளுக்குக் கட்டாயம் இல்லை. மறுபிரசுரமாகும் பக்கத்தில் தலைப்புப் படம், பக்கவாட்டுச் செய்திகள் என்று எல்லாமே மாறிவிடுவதால் இந்த வேலைக்கு அதை நம்ப வேண்டாம், வெளியிடும் தளம் நோஇண்டெக்ஸ் போடுவதே சரி என்று 2023-இல் கூகுளே தன் வழிகாட்டியை மாற்றிக்கொண்டது. நோஇண்டெக்ஸ் போட்ட பக்கம் தேடலில் வராது, ஆனால் அந்தத் தளத்துக்குப் போகிறவர்கள் தாராளமாகப் படிக்கலாம்.

இதை ஆசிரியரிடம் போனில் விளக்கியதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. "எங்க பக்கத்தை மறைக்கச் சொல்றீங்களா சிஸ்டர்?" என்றார். "மறைக்க வேண்டாம் அண்ணே, உங்க வாசகர்கள் எப்பவும் போலப் படிப்பாங்க, கூகுள்ல தேடி வர்றவங்க மட்டும் என்கிட்ட வரட்டும்" என்றேன். சிரித்தார். அவர்கள் தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடுவது, அதில் தேடல் அமைப்புகளைக் கவனிக்கும் யோஸ்ட் என்ற செருகுநிரலைப் போட்டிருந்தார்கள், பதிவின் அடியில் அட்வான்ஸ்டு பகுதியில் ஒரு தேர்வை மாற்றினால் முடிந்தது. என் பக்கம் தேடலில் திரும்பி வரச் சில வாரங்கள் பிடித்தன, நடுவில் நான் பொறுமையாக இருந்தேன் என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள்.

எல்லா இதழும் இதற்கு ஒத்துக்கொள்ளாது, தேடல் வழியாக வரும் கூட்டம்தான் அவர்களுக்கு வருமானம். அப்படிப்பட்டவர்களுக்கு நான் முழுக் கட்டுரை கொடுப்பதில்லை, அதே விஷயத்தில் சின்னதாக வேறொன்று புதிதாக எழுதிக் கொடுக்கிறேன். யாரும் எழுதிப் போடக்கூடிய மீடியம் தளத்தில் இந்தத் தலைவலி குறைவு, அதன் இம்போர்ட் வசதியில் நம் முகவரியைக் கொடுத்தால் கனோனிக்கலை அதுவே நம் பக்கத்துக்கு வைத்துவிடும். கையால் நகலெடுத்து ஒட்டினால் அது நடக்காது.

உரிமை விஷயம். மலேசியாவில் 1987-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கு உரிமை தானாகவே வந்துவிடும், எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. அதற்காக வாய்ப்பேச்சில் விடாதீர்கள். மின்னஞ்சலில் நாலு வரி போதும்: மறுபிரசுரத்துக்கு மட்டும் அனுமதி, உரிமை என்னிடமே, தலைப்பை மாற்றினால் கேட்க வேண்டும், முதலில் வந்த இடத்துக்கு இணைப்பு முதல் பத்தியிலேயே வேண்டும். கடைசி வரிக்குக் கீழே போடும் இணைப்பை யார் பார்க்கிறார்கள்? படங்களைத் தனியாகப் பேசுங்கள். மாரியம்மன் கோயில் கட்டுரையில் இருந்த பழைய படம் ஒரு குடும்பத்தார் எனக்கு மட்டும் கொடுத்தது, அதை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

பலன் உண்டா என்றால், உண்டு, ஆனால் நான் எதிர்பார்த்த பக்கமிருந்து இல்லை. இணைப்பைச் சொடுக்கி வருகிறவர்கள் குறைவுதான். படித்துவிட்டு மின்னஞ்சல் எழுதுகிறவர்கள்தான் எனக்கு லாபம்: தாத்தா சூலியா தெருவில் கடை வைத்திருந்தார் என்று ஈப்போவிலிருந்து ஒருவர், பழைய ரசீதுகளை ஸ்கேன் செய்து அனுப்பிய ராமநாதபுரத்துக்காரர் ஒருவர். அந்த ரசீதுகளை வைத்து அடுத்த கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோலாலம்பூர் அண்ணன் அதையும் இப்போதே கேட்கிறார். முதலில் என் பக்கத்தில் வரட்டும், கூகுள் அதைப் பதிந்துகொண்டதைப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.