தொண்ணூற்றைந்து வயதில் குற்றவாளிக் கூண்டு

நாஜி முகாம்களில் வேலை பார்த்தவர்கள் மீது ஜெர்மனியில் நடந்த வழக்குகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, "தள்ளாத வயதில் இவரைக் கோர்ட்டுக்கு இழுக்கத்தான் வேண்டுமா?" என்பது. வழக்குக் கட்டுகளைப் படித்தவர்களுக்கு அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு: இவருக்கு ஐம்பது வயதானபோது ஏன் யாரும் இழுக்கவில்லை?

ஆள் தலைமறைவானதால் அல்ல. கொலைக்கான காலவரம்பை மேற்கு ஜெர்மனி 1979-ல் அடியோடு நீக்கிவிட்டது. தடையாக நின்றது 1969-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வேலை பார்த்தது மட்டும் போதாது, எந்தக் கொலைக்கு எந்தச் செயலால் உதவினார் என்று காட்ட வேண்டும் என்றது அது. விஷவாயு அறைக்குள் போனவர்களில் சாட்சி சொல்ல யார் மிஞ்சினார்கள்? அங்கே கைதிகளிடம் பறித்த பணத்தை எண்ணிக் கணக்கு வைத்த ஆஸ்கர் க்ரோனிங் மீதான விசாரணை 1985-ல் ஆதாரம் போதாது என்று மூடப்பட்டது. அதே மனிதர் 2015-ல், 94 வயதில், அதே வேலைக்காக மூன்று லட்சம் கொலைகளுக்கு உடந்தை என்று தண்டிக்கப்பட்டார். இடையில் 2011-ல் மியூனிக் நீதிமன்றம் ஜான் டெம்யான்யுக் வழக்கில், கொல்வதற்காகவே கட்டிய சோபிபோர் முகாமில் காவல் நின்றதே உடந்தைதான் என்று தீர்ப்பளித்திருந்தது.

டெம்யான்யுக் கதையில் எச்சரிக்கையும் இருக்கிறது. 1988-ல் இஸ்ரேல் நீதிமன்றம் அவரை ட்ரெப்ளிங்கா முகாமில் விஷவாயு அறையை இயக்கிய 'கொடூர இவான்' என்று முடிவுகட்டி மரண தண்டனை விதித்தது. உயிர் தப்பியவர்கள் புகைப்படம் பார்த்து அடையாளம் சொன்னதே அதற்கு முக்கிய ஆதாரம். சோவியத் கோப்புகள் வேறொருவரைச் சுட்டியதும் 1993-ல் அங்கேயே விடுதலையானார். நாற்பது ஆண்டுக்கு முந்தைய முகத்தை நினைவிலிருந்து எடுப்பது அவ்வளவு ஆபத்து. மியூனிக்கில் நின்றது காகிதம்: 1393 என்ற எண்ணிட்ட அடையாள அட்டை, அதில் சோபிபோருக்கு அனுப்பிய குறிப்பு.

அதனால் வேலை காகிதத்தில்தான் தொடங்குகிறது. 1958-ல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்புர்கில் நாஜிக் குற்றங்களுக்காக அமைந்த மத்திய புலனாய்வு அலுவலகம், சுமார் 17 லட்சம் குறிப்பட்டைகளோடு, முகாம் ஊழியர் பட்டியல்களையும் இடமாற்ற உத்தரவுகளையும் ஒப்பிடுகிறது. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றும் பொருந்த வேண்டும். பெயர் மட்டும் பொருந்தினால் அது வேறு ஆளாக இருக்கலாம். உயிரோடிருப்பது உறுதியானால் கோப்பு அவர் வசிக்கும் பகுதியின் அரசு வழக்கறிஞருக்குப் போகிறது. சேர்ந்த நாளுக்கும் விலகிய நாளுக்கும் இடைப்பட்ட கொலைகளை மட்டுமே சுமத்தலாம். ஸ்டுட்ஹோஃப் முகாம் காவலர் ப்ரூனோ டேய் மீதான 5,230 என்ற கணக்கு அப்படி வந்ததுதான்: 30 பேர் பின்கழுத்தில் சுடப்பட்டவர்கள், 200 பேர் வாயுவால் இறந்தவர்கள், 5,000 பேர் பட்டினியாலும் நோயாலும் சாகடிக்கப்பட்டவர்கள்.

அடுத்தது மருத்துவர். இங்கேதான் வெளியே இருப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். விசாரணையைப் புரிந்துகொண்டு தன் தரப்பைச் சொல்லும் திறன் வேறு, சிறைவாசத்தைத் தாங்கும் உடல்நிலை வேறு. முதலாவது இல்லையென்றால் வழக்கே கிடையாது. மறதி நோய் முற்றியவர்களின் வழக்குகள் அப்படிக் கைவிடப்பட்டிருக்கின்றன, அதுதான் சரி. இரண்டாவது இல்லாவிட்டாலும் வழக்கு நடக்கலாம். நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான் அமர்வு. சாக்சன்ஹௌசன் முகாமில் காவலராக இருந்த 101 வயது ஜோசஃப் ஷூட்ஸுக்காக நீதிமன்றமே அவர் ஊரின் விளையாட்டு அரங்குக்கு இடம் மாறியது. ஆனால் அமர்வுகளுக்கிடையே பொதுவாக மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. நோய்க்காகச் சற்று நீளும். அதையும் தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2018-ல் ம்யூன்ஸ்டர் நகரில் முகாம் காவலர் ஒருவர் மீது நடந்த வழக்கு இப்படித்தான், நோயால் நின்று, கடைசியில் கைவிடப்பட்டது.

எதிர்வாதம் ஒன்றை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். ஸ்டுட்ஹோஃப் தளபதி ஹொப்பேக்கு ஐம்பதுகளில் கிடைத்தது ஒன்பதே ஆண்டு. அவருக்குத் தட்டச்சு செய்த இர்ம்கார்ட் ஃபுர்க்னர் அப்போது 18, 19 வயதுப் பெண்; அதனால்தான் 97 வயதில் இளையோர் நீதிமன்றத்தில் நின்றார். பெரியவர்களை விட்டுவிட்டுச் சிறியவர்களைப் பிடிப்பது நியாயமா? முழு நியாயம் இல்லை. இருந்தாலும் பழைய விடுதலைகளைக் காட்டிப் புதியதொரு விடுதலை கொடுப்பது, தவற்றை இரட்டிப்பாக்கும். ஃபுர்க்னருக்குக் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட இரண்டாண்டு. அந்தத் தண்டனைக்காக அவர் கம்பிக்குப் பின்னால் போகவில்லை. ஆனால் 10,505 மரணங்கள் கொலைகளே என்று ஒரு நீதிமன்றம் ஆவணத்தில் எழுதியது. இறந்தவர்களின் குடும்பங்கள் கேட்டதும் பெரும்பாலும் அதைத்தான். அவர்களுக்கும் வயது தொண்ணூறை நெருங்கிவிட்டது.

எனக்கு உறுத்துவது மேல்முறையீட்டின் வேகம். அது முடியுமுன் குற்றம் சாட்டப்பட்டவர் இறந்தால் தீர்ப்பு உறுதியாவதில்லை. சட்டப்படி அவர் நிரபராதி. டெம்யான்யுக் 2012-லும் ஆஷ்விட்ஸ் காவலர் ஹன்னிங் 2017-லும் அப்படியே இறந்தார்கள். ஃபுர்க்னர் மீதான தீர்ப்பு 2022 டிசம்பரில் வந்து 2024 ஆகஸ்டில்தான் உறுதியானது. 2025 ஜனவரியில் அவர் இறந்தார். இந்த வயதினரின் மேல்முறையீடுகளை வரிசையின் முன்னால் எடுக்கச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, நீதிமன்றப் பட்டியலைத் தயாரிப்பவர்கள் மனம் வைத்தால் போதும்.