ஊர்க்காரர்கள் கட்டிய கோபுரம்

ஜெர்மனியின் உல்ம் நகருக்கு வந்த புதிதில் எனக்கு வழிகாட்டியது மியூன்ஸ்டர் தேவாலயத்தின் கோபுரம்தான். ஜெர்மன் தெரியாது, தெருப் பெயர்கள் வாயில் நுழையாது. ஆனால் எந்தச் சந்தில் மாட்டிக்கொண்டாலும் தலையைத் தூக்கினால் பெரும்பாலும் அது தெரிந்துவிடும். அதைப் பார்த்து நடந்தால் கடைத்தெருவுக்கு வந்துவிடலாம். உயரம் 161.53 மீட்டர். 2025 அக்டோபரில் பார்சிலோனாவின் சக்ராடா பமீலியா முந்தும் வரை உலகத்திலேயே உயரமான தேவாலயம் இதுதான்.

எனக்கு உயரத்தைவிடப் பிடித்தது அதைக் கட்டிய கதை. 1376-ல் பேரரசர் நான்காம் கார்லின் படை ஊரை முற்றுகையிட்டது. அப்போது ஊர்க்கோயில் மதிலுக்கு வெளியே இருந்ததால் மக்களால் போக முடியவில்லை. சரி, உள்ளேயே ஒன்று கட்டிக்கொள்வோம் என்று முடிவுசெய்து 1377 ஜூன் 30 அன்று அடிக்கல் நாட்டினார்கள். பழைய கோயிலைப் பிரித்து அதன் கற்களையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அரசரோ பிஷப்போ எடுத்த கட்டடம் அல்ல இது; ஊர்மக்களின் கைக்காசில் எழுந்தது. சுமார் பத்தாயிரம் பேர் வாழ்ந்த ஊர், இருபதாயிரம் பேர் நிற்கக்கூடிய கோயிலுக்குத் துணிந்தது!

உல்ரிக் ஃபான் என்சிங்கன் என்ற தலைமைச் சிற்பி, கோபுரத்தை இன்னும் உயர்த்தித் திட்டம் போட்டார். கட்டடம் தாங்கவில்லை. 1490-களில் கோபுரத்தின் உள்ளிருந்து கற்கள் உதிர, அப்போதைய சிற்பி மத்தேயுஸ் பெப்லிங்கர் ஊரைவிட்டே போனார். பின்னால் வந்த புர்க்ஹார்ட் எங்கல்பெர்க் கோபுரத்தைப் பலப்படுத்தினார். அகலமான பக்கக்கூடங்களின் நடுவே தூண் வரிசை நிறுத்தி, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தார். அந்த ஒல்லியான தூண்களைப் பார்த்தால் அழகுக்கு வைத்தது போலிருக்கும். உண்மையில் பாரம் தாங்க வந்தவை. 1543-ல் வேலை நின்றுபோனது. சுமார் 100 மீட்டர் உயரத்தில் மொட்டையாக நின்ற கோபுரத்துக்கு, 1844-ல் மறுபடி தொடங்கிய வேலையில்தான், 1890-ல், நுனி வந்தது.

அம்மா இங்கே வந்திருந்தபோது உள்ளே நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இவ்வளவு பெரிய கோயில்ல சுவரெல்லாம் வெறிச்சுன்னு இருக்கே?" என்று கேட்டார். 1530-ல் ஊர் மக்கள் வாக்களித்து மார்ட்டின் லூதர் தொடங்கிய கிறிஸ்தவச் சமயச் சீர்திருத்தத்தின் பக்கம் போனார்கள். அடுத்த ஆண்டே ஐம்பதுக்கும் மேற்பட்ட வழிபாட்டுப் பீடங்களை எடுத்துவிட்டார்கள். பாட்டன்மார் காசு கொடுத்துச் செய்துவைத்ததைப் பேரன்மார் கையாலேயே அகற்றியதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும்.

தப்பியவற்றில் ஒன்று, யோர்க் சூர்லின் 1469 முதல் 1474 வரை ஓக் மரத்தில் செய்த பாடகர் இருக்கைகள். புனிதர்களோடு பழைய கிரேக்க, ரோமானிய அறிஞர்களும் அதில் மார்பளவுச் சிலைகளாக இருக்கிறார்கள். பிதாகரஸ் கையில் லூட் என்ற நரம்பு வாத்தியம். வீணை கற்ற அம்மா, நரம்பின் மேல் இருக்கும் அந்த விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

1944 டிசம்பர் 17 குண்டுவீச்சில் பழைய ஊரின் பெரும்பகுதி அழிந்தது. மியூன்ஸ்டர் பெரிய சேதமில்லாமல் தப்பியது. மணற்கல் அரித்துக்கொண்டே இருப்பதால் தேவாலயத்துக்கென்றே இருக்கும் கல்தச்சர்கள் இன்றும் கல் மாற்றுகிறார்கள்.

புதிதாக வரும் நம்மவர்கள் நேராகக் கோபுரத்தின் 768 படிகளுக்குத்தான் ஓடுகிறார்கள். முதலில் அந்த இருக்கைகளைப் பாருங்கள். இறங்கி வந்தபின் கால் நடுங்கும், நின்று பார்க்கப் பொறுமை இருக்காது.