15 எழுத்துக்குள் ஒரு பெயர்

அலுவலகக் கணினிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் ஆன்டிவைரஸ் கன்சோலில் இன்று ஒரு சிவப்பு எச்சரிக்கை. கணினியின் பெயர்: டெஸ்க்டாப், ஒரு கோடு, பிறகு அர்த்தமே இல்லாத ஏழு எழுத்து.

எந்த மேசையில் இருக்கிறது? யாருக்கும் தெரியாது.

விண்டோஸ் தானாக வைக்கும் பெயர் அது. கோட்டோடு சேர்த்து முன்பாதி 8, பின்பாதி 7. நெட்பயாஸ் பெயரின் (நெட்வொர்க்கில் கணினியைக் காட்டும் பழைய முறைப் பெயர்) வரம்பும் அதே 15தான். கிளை, துறை, சொத்து எண் மூன்றையும் அதற்குள் அடக்கலாம். ஆள் பெயர் மட்டும் வேண்டாம். ஆள் போன பிறகும் அது ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஐபியை வைத்துத் தேடாதீர்கள். ஐபி முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி அதை நாளைக்கு வேறு கணினிக்குக் கொடுத்துவிடலாம். கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸ் காட்டும் சீரியல் எண்ணைப் பெட்டியின் ஸ்டிக்கரோடு ஒப்பிடுவதே உறுதி.

பெயரை மாற்றினால் ரீஸ்டார்ட் கட்டாயம். ஏஜென்ட் (கணினிக்குள் இருக்கும் ஆன்டிவைரஸ் மென்பொருள்) அடுத்த முறை சர்வரைத் தொடர்புகொள்ளும்வரை கன்சோலில் பழைய பெயர்தான்.

உண்மையான தலைவலி குளோனிங், அதாவது ஒரு கணினியின் முழு நகலை (இமேஜ்) எடுத்து மற்றவற்றில் போடுவது. ஏஜென்ட்டோடு சேர்த்து இமேஜ் எடுத்தால், எல்லாக் கணினிக்கும் ஒரே ஏஜென்ட் ஐடி. கன்சோல் கணினியை அடையாளம் காண்பது அந்த ஐடியை வைத்துத்தான். அறையில் 20 கணினி, பட்டியலில் ஒரே வரி. அந்த வரியின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும் (வைரஸ் என்று பயப்படுபவர்களும் உண்டு).

இங்கே பெயர் மாற்றிப் பயனில்லை. ஒவ்வொன்றிலும் ஐடியை அழித்து, ஏஜென்ட்டைப் புதிதாகப் பதிவு செய்ய வைக்க வேண்டும். இமேஜ் எடுக்கும் முன்பே அழித்திருந்தால் ஒரே தடவையோடு முடிந்திருக்கும்.