பேணியில் கால் வைத்து ஒரு பெயர்

ஒஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்கில் இந்தத் தொடர்மாடிக்குக் குடிவந்து நாலு வருடமாகியும் எதிர்வீட்டு அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. படியில் கண்டால் 'ஹை' என்பார், நானும் 'ஹை' என்பேன். தபால்பெட்டியில் குடும்பப் பெயர் இருந்தது. அதை எப்படி உச்சரிப்பது என்று கேட்கக் கூச்சம்.

இங்கே மே 17 தேசிய நாள். அதற்கு முன்னால் மாடிக்காரர் எல்லோரும் கூடி முற்றம் துப்புரவாக்குவோம். இப்படிக் கூலியில்லாமல் சேர்ந்து செய்கிற வேலைக்கு 'டுக்னாட்' என்று பெயர். 2004இல் நோர்வேயின் தேசியச் சொல்லாக இதைத்தான் தெரிவு செய்தார்கள். நல்ல வழக்கம். ஆனால் சருகு வாரி, சொசேஜ் சுட்டுத் தின்றபின் அவரவர் கதவு சாத்திவிடும்.

ஒரு வருடம் வேலை முடிந்த கையோடு அந்த அம்மா வெறும் தகரப்பேணி ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்து நடுவில் வைத்தார். 'பொக்சன் கோர்' விளையாடுவோம் என்றார். எங்கள் ஒளித்துப்பிடித்தல் மாதிரித்தான். ஆனால் தேடுகிறவர் ஆளைக் கண்டதும் ஓடிவந்து, பேணியில் கால் வைத்துப் பெயர் சொல்ல வேண்டும். பெயர் தெரியாவிட்டால் பிடிக்க முடியாது. ஆகவே முதலில் வட்டமாக நின்று பெயர் சொன்னோம். என் பெயரைச் சரியாக வரும்வரை அவர் விடவில்லை.

குப்பைக் கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்த நான் சீக்கிரமே பிடிபட்டேன். பிடிபட்டவர்களை மீட்க, ஒளிந்திருக்கிற யாராவது வந்து பேணியை உதைக்க வேண்டும். மூன்றாம் மாடிப் பாகிஸ்தான்காரர், டாக்ஸி ஓட்டுகிறவர், சைக்கிள் கொட்டிலிலிருந்து பாய்ந்து வந்து விட்டார் ஓர் உதை. பேணி கணகணவென்று உருண்டது. நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம். ஊரை விட்ட பிறகு எனக்காக ஒருவர் அப்படி ஓடிவந்ததில்லை.

அடுத்த கிழமை நான் கார் நிறுத்துமிடத்தில் சோக்கால், எங்கள் ஊர் விளையாட்டான கிளித்தட்டுக்குக் கோடு கீறினேன். கோட்டில் ஓடி மறிக்கிற கிளிக்கு ஒருவர் போக்குக் காட்டினால்தான் மற்றவர் தட்டைக் கடக்கலாம் என்று நோர்வேஜிய மொழியில் விளங்கப்படுத்த அரைமணி பிடித்தது. நடுவர் கிடையாது. கை பட்டதா இல்லையா என்பது ஓடினவரின் வாய்ச்சொல். சண்டையும் வந்தது. அப்புறம் ஒருநாள், யாருமே கவனிக்காதபோது ஒரு சோமாலியப் பொடியன் "பட்டது" என்று தானாக வெளியே வந்தான். அதற்குப் பிறகு அவன் சொல்லுக்கு மறுபேச்சு இல்லை. ஜூனில் இங்கே இரவு பத்தரைக்கும் வெளிச்சம். பிள்ளைகளைக் கூப்பிட வந்த தாய்மாரும் கோட்டில் நின்றுவிடுவார்கள்.

ஜூலையில் மலைக்குடிலுக்குப் போகுமுன் அந்த அம்மா கதவைத் தட்டினார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுச் சாவியைக் கையில் தந்தார். பூச்செடிகளுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் தண்ணீர்.